மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், சிஸ்டர்

கேள்வி: டாக்டர், எனக்கு 28 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். கொங்குப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டரை வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். புற்றுநோய் டே கேரில் போஸ்டிங். கீமோ மருந்தை நாங்களேதான் கலக்குகிறோம். வார்டு ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு ஜோடி சாதா கிளவுஸ், ஒரு மாஸ்க், அவ்வளவுதான். ஆள் குறைந்தால் ஐ.சி.யூ.வில் நைட் போடுவார்கள். மாதம் எட்டுப் பத்து நைட் வந்துவிடும். அங்கே போர்ட்டபிள் எக்ஸ்ரே மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். போன வருடம் ஒன்பதாவது வாரத்தில் துடிப்பு நின்று குழந்தை கலைந்துபோனது. நான்கு நாள் சி.எல். போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். இப்போது மறுபடி ஏழு வாரம். ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. “மூணு மாசம் முடியட்டும், கண்ணு படும்” என்கிறார் மாமியார். போன தடவை கலைந்ததே வேலையால்தான், விட்டுவிடு என்கிறார் கணவர். “நாங்கள்லாம் இதே மேஜையில கலக்கித்தான் ரெண்டு பிள்ளை பெத்தோம்” என்று எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அடிக்கடி சொல்வார். மூன்று வருட பாண்டில் ஆறு மாதம் பாக்கி. ஒரிஜினல் சர்டிபிகேட் அவர்களிடம் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

சிஸ்டர், உங்களை வேறெப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை, இத்தனை வருடப் பழக்கம். உங்கள் முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கீமோ மேஜையைப் பற்றி நான்கே வரி. பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. அதற்கு வருகிறேன்.

முதலில் போன வருடத்துக் குழந்தை. கர்ப்பம் என்று உறுதியான பிறகும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கலைந்துவிடுகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. கரு உருவான அன்றே விழுந்த பிழை அது. உங்களுடைய அந்த ஒரு கர்ப்பத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இது மருந்தால் போனது, இது தானாகப் போனது என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. உங்கள் கணவராலும் முடியாது. நீங்கள் ஏதோ செய்து கெடுத்துக்கொண்டீர்கள் என்ற எண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு முறை கலைந்ததற்காகப் பெரிய பரிசோதனைகளும் தேவையில்லை.

ஆனால் நான்கு நாள் சி.எல்.லில் திரும்பி வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டு பேறுகால நலச் சட்டத்திலேயே இருந்தது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினால் போதும். நோயாளிக்கு ஒரு மாத்திரை தவறினால் கேட்கிற நமக்கு, நம்முடைய ஆறு வாரம் தவறியது தெரியாமலே போய்விடுகிறது.

இப்போது அந்த மேஜை.

நான் பி.ஜி. படித்த காலத்தில் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்கு (கருவுக்குப் பதில் நஞ்சுத் திசு கொத்துக்கொத்தாக வளர்வது) பின் வருகிற கட்டிகளுக்கு எங்கள் வார்டிலேயே மெத்தோட்ரெக்ஸேட் போடுவோம். நல்ல மஞ்சள் நிற மருந்து. ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில், ஊசி போட்டுவிட்டு வந்த சிஸ்டரின் வெள்ளை யூனிஃபார்ம் கையில் கடுகு அளவில் நான்கைந்து மஞ்சள் புள்ளிகள். மருந்து கொட்டியதா என்று கேட்டேன். “இல்லையே டாக்டர், ஒரு சொட்டுகூடச் சிந்தலை” என்றார். உண்மைதான், அவர் சிந்தவில்லை. மருந்துக் குப்பிக்குள் காற்றை ஏற்றி மருந்தை இழுத்து, ஊசியை வெளியே எடுக்கும்போது உள்ளே இருக்கிற அழுத்தம் புஸ்ஸென்று கண்ணுக்குத் தெரியாத தூறலாய் வெளியே வரும். மஞ்சளாக இருந்ததால் அன்று தெரிந்தது. சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சிஸ்பிளாட்டினும் தண்ணீர் மாதிரி இருக்கும். யூனிஃபார்மில் ஒன்றுமே தெரியாது. அந்த மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான், குழாயில் கர்ப்பம் தங்கிவிட்டால் அதைக் கரைக்க நாங்கள் வேண்டுமென்றே கொடுக்கிறோம். கருவுக்கு அது என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அளவு முக்கியம் என்பீர்கள், சரிதான். நோயாளிக்கு நரம்பில் போவதோடு ஒப்பிட்டால் உங்கள் மேல் படுவது துளித்துளி. ஆனால் அது தினமும் படுகிறது. பின்லாந்து நர்சுகளை வைத்துச் செய்து 1985-இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்துகளைக் கையாண்டவர்களுக்குக் கரு கலைவது இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அமெரிக்காவில் 2012-இல் ஏறத்தாழ ஏழாயிரத்து ஐந்நூறு கர்ப்பங்களைக் கணக்கெடுத்தபோதும், தினமும் ஒரு மணி நேரமாவது கீமோ மருந்தோடு வேலை செய்த நர்சுகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்றதும் நெஞ்சில் கை வைக்காதீர்கள். அவர்களிலும் பெரும்பாலானவர்கள் குழந்தை பெற்றிருக்கிறார்கள். உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னது அதனால் பொய் இல்லை. அவருக்கு நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதே மேஜையில் நின்று கலைந்துபோனவர்கள் யாரும் அதை டியூட்டி ரூமில் உட்கார்ந்து சொல்வதில்லை. போன வருடம் நீங்கள் சொன்னீர்களா?

ஆகவே என் பதில் நேரானது: இன்றிலிருந்து நீங்கள் கீமோ கலக்க வேண்டாம். நல்ல கிளவுஸ் போட்டுக்கொண்டு கலக்கலாமா என்றால், அதுவும் வேண்டாம். மருந்து கலக்க வேண்டியது அதற்கென்று உள்ள பாதுகாப்புக் கேபினட்டுக்குள். காற்று உங்கள் முகத்துக்கு வராமல் உள்ளேயே இழுத்து வடிகட்டும் பெட்டி அது. அது இல்லாத இடத்தில் கர்ப்பமாக இல்லாதவர்களும் கலக்கக் கூடாது. துணி மாஸ்க்கோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ இந்தத் தூறலுக்கு வேலி இல்லை.

கலப்பதை விட்டால் மட்டும் போதாது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. கீமோ பாட்டிலில் ஐ.வி. செட்டைக் குத்தி, முனையைத் திறந்து மருந்தையே ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுகிறோமே, அந்தச் சில சொட்டுகள் ட்ரேயிலும் விரலிலும்தான் விழுகின்றன. செட்டை முதலில் வெறும் சலைனில் நிரப்பிவிட்டு அப்புறம் மருந்தை இணைத்தால் அந்தச் சொட்டே கிடையாது. பைசா செலவில்லாத மாற்றம் இது, உங்கள் இடத்துக்கு வரப்போகிற சிஸ்டருக்கும் சொல்லிக்கொடுங்கள். கீமோ ஏறிய நோயாளியின் சிறுநீர், வாந்தி, மலம் எல்லாவற்றிலும் குறைந்தது 48 மணி நேரம் மருந்து வந்துகொண்டிருக்கும். யூரின் பேக் காலி செய்வதும், வாந்தி பட்ட விரிப்பைச் சுருட்டுவதும், சிந்திய மருந்தைத் துடைப்பதும் இனி உங்கள் வேலை இல்லை. மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைப் பொடி செய்யச் சொன்னாலும் தொடாதீர்கள்.

எக்ஸ்ரேக்கு வருவோம். இங்கே உங்களைக் கொஞ்சம் சமாதானப்படுத்த முடியும். போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்கும்போது உங்களை நோக்கி வருவது நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர்தான். தூரம் இரண்டு மடங்கானால் அது கால் பங்காகிவிடும். டெக்னீஷியன் “எக்ஸ்ரே!” என்று குரல் கொடுத்ததும் இரண்டு மீட்டர், அதாவது இரண்டு கட்டில் தள்ளிப் போய் நின்றால் உங்கள் மேல் படுவது மிக மிகக் குறைவு. கர்ப்பம் என்று தெரிவித்த ஊழியரின் கருவுக்கு மீதிக் காலம் முழுவதற்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கிற உச்ச வரம்பு 1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே ஒரு மனிதர் மேல் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் படுகிறது. வரம்பு எவ்வளவு ஜாக்கிரதையாக வைக்கப்பட்டது என்று இதிலிருந்தே புரியும். செய்யக் கூடாதது ஒன்றுதான்: படம் எடுக்கும்போது நோயாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் கருவி) ஓடுகிற ஆபரேஷன் தியேட்டரும், இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனை நடக்கும் கேத் லேபும் வேறு கதை; அங்கே போஸ்டிங் போட்டால் லெட் ஏப்ரன், மேலே படும் கதிரை அளக்க உங்கள் பெயரில் டி.எல்.டி. பேட்ஜ் இரண்டும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். நீங்களாகக் கேட்டுப் போகவும் வேண்டாம்.

நைட் டியூட்டியைப் பற்றி டென்மார்க்கில் 2019-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பெரும்பாலும் மருத்துவமனைகளில் வேலை செய்த இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் டியூட்டி பதிவேட்டையே எடுத்துப் பார்த்தார்கள். எட்டாவது வாரத்துக்குப் பிறகு, ஒரே வாரத்தில் இரண்டு நைட்டோ அதற்கு மேலோ செய்தவர்களுக்கு, அடுத்த வாரம் கரு கலையும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியிருந்தது. நூறு பேரில் 32 பேருக்குக் கலைந்தது என்று அர்த்தமில்லை. முன்பு நூறு பேருக்குக் கலைந்த இடத்தில் 132 பேருக்கு, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு நைட் என்றால் நான் தடுக்க மாட்டேன். உங்கள் கணக்கில் மாதம் எட்டுப் பத்து வருகிறது, அதுவும் சேர்த்தாற்போல் போடுவார்கள். ஏற்கெனவே ஒன்று கலைந்த உங்களுக்கு அது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க நான் தயங்க மாட்டேன். உங்களைப் பார்க்கிற டாக்டரும் தயங்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று இனிமேல்தான். இதற்காகத்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன்.

குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு, கை கால், முகம் எல்லாம் உருவாவது ஐந்தாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரத்துக்குள். நீங்கள் இப்போது ஏழில் இருக்கிறீர்கள். மாமியார் சொல்கிற மூன்று மாதம் முடிந்து நீங்கள் வாய் திறக்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். சட்டமும் இந்த விஷயத்தில் மாமியார் பக்கம்தான் நிற்கிறது. கடினமான வேலை, நெடுநேரம் நிற்கிற வேலை, கருவைப் பாதிக்கக்கூடிய வேலை கொடுக்காதே என்று கேட்கும் உரிமையைச் சட்டம் தருவது பிரசவத்துக்கு முந்தைய பத்து வாரம் போல. ஆபத்து அதிகமுள்ள முதல் பத்து வாரத்துக்கு ஒரு வரியும் இல்லை. அந்த இடைவெளியை நீங்கள் சொன்னால்தான் நிரப்ப முடியும். வீட்டில் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், மாமியார் மனம் நோக வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஒரே ஒருவருக்குச் சொல்லுங்கள், இந்த வாரமே. இன்சார்ஜுக்குச் சொல்ல மனம் வராவிட்டால் நேரே நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடத்திடம் போங்கள். அவர் கண் பட்டாலும் பரவாயில்லை, மருந்து படுவதைவிட மேல்.

வாயால் சொன்னால் டியூட்டி சார்ட் போடும்போது மறந்துவிடும். எழுதிக் கொடுங்கள். இவ்வளவு போதும்: “நான் ஏழு வாரக் கர்ப்பிணி. முன்பு ஒருமுறை கரு கலைந்துள்ளது. மருத்துவர் ஆலோசனைப்படி, கீமோ மருந்து கலத்தல், ஏற்றுதல், அந்த நோயாளிகளின் கழிவுகளைக் கையாளுதல், தொடர் இரவுப் பணி ஆகியவற்றிலிருந்து விலக்கு அளித்து மாற்றுப் பணி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். விவரத்தை இரகசியமாக வைக்கவும் வேண்டுகிறேன்.” டாக்டர் சீட்டை இணைத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் மருத்துவமனை என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். பெற்றிருந்தால், கீமோ மருந்தைப் பாதுகாப்பான முறையில்தான் தயாரிக்க வேண்டும் என்பது அந்தத் தரநிலையிலேயே இருக்கிறது. அந்த மேஜையைக் காட்டி அங்கீகாரம் வாங்கியிருக்க முடியாது, ஆகவே அதைப் பற்றிப் பேச அவர்களுக்கும் பிரியம் இருக்காது. சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கே மாற்றுவார்கள் என்பதில் ஒரு கண் வையுங்கள். “பாவம், மாசமா இருக்கா, லைட் போஸ்டிங் கொடுங்க” என்று அன்போடு, கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் பிரிவான சி.எஸ்.எஸ்.டி.க்கு அனுப்பிவிடுவார்கள். உட்கார்ந்து பேக் மடிக்கிற வேலை, பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். எத்திலீன் ஆக்சைடு மெஷின் இருக்கிற சி.எஸ்.எஸ்.டி. என்றால் கர்ப்பிணி போகவே கூடாத இடங்களில் அதுவும் ஒன்று. கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் மருத்துவமனை ஊழியர்களிடம் அந்த வாயுவால் கரு கலைவது கூடியதைப் பின்லாந்தில் 1982-லேயே காட்டினார்கள். நான் மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலும், கிருமிநீக்க ரசாயனங்களோடு இருந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு கலைவது இரண்டு மடங்கு. மயக்க வாயுவை வெளியே இழுக்கும் வசதி இல்லாத தியேட்டரும் வேண்டாம். ஓ.பி., ரத்த அழுத்தம் பார்க்கும் கிளினிக், பில்லிங்குக்கு முந்தைய சரிபார்ப்பு, ரெக்கார்ட்ஸ், மாணவிகளுக்கு வகுப்பு இவற்றில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வார்டு என்றால், உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வரவில்லை என்றால் அந்த வார்டு வேண்டாம். தடுப்பூசியும் இப்போது போட முடியாது, ஏனென்றால் அது உயிருள்ள கிருமியில் செய்தது. ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. மூன்று டோஸ் போட்டு டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்பு சக்தியின் அளவு) பார்க்காமல் விட்டிருந்தால் இப்போதே பாருங்கள், குறைவாக இருந்தால் கர்ப்பத்திலேயே போடலாம். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் ‘கர்ப்பமாச்சே’ என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். (அந்த மாத்திரைக்கும் டி.எல்.டி. என்றுதான் பெயர். பேட்ஜோடு குழப்பிக்கொண்ட ஒரு ஹவுஸ் சர்ஜனை எனக்குத் தெரியும்.)

பாண்டுக்காகப் பயப்படாதீர்கள். சர்டிபிகேட் அடகுப் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைக்க முதலாளிக்கு உரிமை இல்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.யே கொடுக்கும், ஆஸ்பத்திரி முதலாளியிடம் கையேந்த வேண்டியதில்லை. கர்ப்பமாக இருக்கும்போது வேலையைவிட்டு நிறுத்தினாலும், பெரிய ஒழுங்கீனக் குற்றச்சாட்டு இல்லாதவரை பேறுகாலப் பணம் உங்களுக்குச் சேர வேண்டியதே. மிரட்டினால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலிருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண் என்றால் வருமானச் சான்று கேட்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள்.

வேலையை விடச் சொல்கிற கணவருக்கு: இப்போதே விட்டால் அந்த 26 வாரச் சம்பளமும் சேர்ந்தே போகும். வேலையை விட வேண்டாம், மேஜையை விட்டால் போதும். மாற்றவே மாட்டோம் என்று எழுத்தில் சொன்னால் அன்றைக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். அப்போது நானும் உங்கள் கணவர் பக்கம் பேசுவேன்.

ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் கலக்கியது கலக்கியதுதான், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். அதற்காகக் கலைத்துவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள். அதற்கு அவசியமே இல்லை. ஃபோலிக் ஆசிட்டைத் தொடருங்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேன் (குழந்தையின் பின்கழுத்தில் நீர்த் தடிமனைப் பார்ப்பது), 18 முதல் 20 வாரத்துக்குள் அனாமலி ஸ்கேன் (உறுப்புக் குறைகளைப் பார்ப்பது), இரண்டையும் தவறவிடாதீர்கள். ஸ்கேன் செய்கிற டாக்டரிடம் என்ன மருந்துகளைக் கையாண்டீர்கள் என்று பெயர் சொல்லுங்கள், அவர் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பார்ப்பார். பிரசவம் முடிந்து திரும்பும்போதும் பால் கொடுக்கிற வரை கீமோ பக்கம் போகாதீர்கள்.

கடைசியாக, டீ. டியூட்டியில் டீ குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக, இரண்டு டம்ளர் வரை. ஆனால் ஃபிளாஸ்க் எங்கே இருக்கிறது? அந்த மேஜையின் கீழ்த் தட்டில் என்றால், இன்றே அதை எடுத்து டியூட்டி ரூமுக்கு மாற்றிவிடுங்கள்.